காத்திருந்த சேர்வர்: புறக்கோட்டையில் ஒரு போயா தின வேலை

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம் மொத்தமாக விற்கும் கடை ஒன்று. அதன் பின்னறையில், சாக்கு அடுக்குகளுக்கும் மாடிப்படிக்கும் நடுவே, ஒரு சேர்வர் இருக்கிறது. பில் போடும் ஆறு கணினிகளும் அதை நம்பித்தான் வாழ்கின்றன. "காலையில் அது எழும்புவதற்குள் நாட்டாமிமார் ஒரு லொறியை இறக்கி முடித்துவிடுகிறார்கள். பத்து நிமிடம், தம்பி, முழுதாகப் பத்து நிமிடம்" என்று முதலாளி தொலைபேசியில் சொன்னார்.

இது புது முறைப்பாடு இல்லை. முன்பெல்லாம் அந்த சேர்வரை யாரும் அணைத்ததே கிடையாது. மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. அந்த மாதச் சிட்டையைப் பார்த்த முதலாளி, இரவில் கடை பூட்டும்போது பிரதான மின்ஆளியையே இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தீப்பிடிக்கும் பயமும் ஒரு காரணம். சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த தெருவில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து சேர்வர் தினமும் காலையில் பிறக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எழும்பும் இயந்திரம் எவ்வளவு தாமதித்தாலும் யாருக்குத் தெரியும்? தினமும் எழும்பத் தொடங்கிய பிறகுதான் அதன் சோம்பல் வெளியே தெரிந்தது.

எனக்கு முன் பார்த்த ஒருவர் "வன்தட்டு பழசு" என்று சொல்லி எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார். காசு போனது, நேரம் குறையவில்லை. "முன்னையைவிடக் கொஞ்சம் கூடியது போல இருக்கிறது" என்றார் கணக்கப்பிள்ளை. மனப்பிரமை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சொன்னது சரி என்பது பிறகு தெரிந்தது.

என்னை அவசரமாக வரவழைத்தது ஒரு குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டு நாடு முழுவதும் இருண்டது நினைவிருக்கும். அன்று கடை பூட்டியிருந்ததால் பாதிப்பில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலைய இயந்திரங்கள் உடனே திரும்பி வராததால் அடுத்தடுத்த நாட்களில் பிற்பகலில் முறைவைத்து ஒன்றரை மணி நேரம்வரை மின்சாரத்தை வெட்டினார்கள். மின்சாரம் வந்த பிறகும் சேர்வர் வராமல், வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். யுபிஎஸ் இருக்கிறது, அதன் பற்றரி உப்பிப்போய் ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை.

12ஆம் திகதி புதன்கிழமை நவம் போயா, பௌர்ணமி தினம். கடை விடுமுறை. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினேன். அதுவும் பாணந்துறையிலிருந்துதான் வருகிறது. குரங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கணக்கப்பிள்ளை திறப்புக் கோர்வையோடு கடை வாசலில் நின்றார்.

முதல் வேலையாக சேர்வருக்கு ஒரு திரையை இணைத்தேன். இத்தனை நாள் அதற்குத் திரையே கிடையாது. பெட்டியில் விளக்கு எரிகிறதா, பில் கணினி வேலை செய்கிறதா என்ற இரண்டு அடையாளங்கள்தான் எல்லோருக்கும் தெரியும். இடையில் நடப்பதை ஒருவரும் பார்த்ததில்லை.

கைத்தொலைபேசியில் நிறுத்தற் கடிகாரத்தைத் தட்டி, சேர்வரின் பொத்தானை அழுத்தினேன். முதல் பில் திரை திறக்க 6 நிமிடம் 40 வினாடி. முதலாளியின் பத்து நிமிடம் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து அளந்தது. அந்தக் கடிகாரம் எப்போதும் வேகமாகத்தான் ஓடும்.

இயங்குதளம் உபுண்டு சேர்வர் 20.04. இதில் சிஸ்டம்டி என்ற நிர்வாகிதான் எல்லாச் சேவைகளையும் எழுப்புகிறது. எழுப்பிய கணக்கையும் அது வைத்திருக்கும். "சிஸ்டம்டி-அனலைஸ்" என்று தட்டினால் ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரியை அப்படியே கொப்பியில் எழுதினேன்: தாய்ப்பலகையின் சொந்த வேலை 1 நிமிடம் 45.2 வினாடி, இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் 5.1 வினாடி, இயங்குதளத்தின் கருவான கேர்னல் 36.4 வினாடி, சேவைகள் 3 நிமிடம் 48.9 வினாடி. கூட்டினால் 6 நிமிடம் 15.6 வினாடி.

அடுத்து "பிளேம்" என்ற சொல்லைச் சேர்த்துத் தட்டினேன். எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தும் கட்டளை அது. வலையமைப்புக்குக் காத்திருக்கும் சேவை 2 நிமிடம் என்று முதலிடத்தில் நின்றது. தொடக்கப் பதிவேட்டைத் திறந்தேன்: ஒரு வட்டுக்காக 1 நிமிடம் 30 வினாடி, ஒரு வலையமைப்புக் கோப்புறைக்காக இன்னொரு 1 நிமிடம் 30 வினாடி. கேர்னல் பகுதியில் ஒரு 30 வினாடி இடைவெளி.

இந்த எண்களைப் பார்த்ததும் கதிரையில் சாய்ந்துகொண்டேன். உண்மையில் மெதுவாக வேலை செய்யும் இயந்திரம் 47 வினாடி எடுக்கும், 83 வினாடி எடுக்கும், நாளைக்கு 91 எடுக்கும். 30, 90, 120 என்று உருண்டையாக எடுக்காது. உருண்டை எண் என்றால் யாரோ ஒரு நிரலாளர் எழுதிவைத்த காலக்கெடு. சேர்வர் அந்த நேரத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. வராத ஒருவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. எஸ்எஸ்டி மாற்றியும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். சும்மா நிற்பவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் அவன் வேகமாக நிற்கப்போவதில்லை.

ஆகவே கேள்வி "எது மெதுவாக இருக்கிறது" என்பதிலிருந்து "யாருக்காகக் காத்திருக்கிறது" என்பதற்கு மாறியது.

திரையில் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் முதலில் பிடித்தேன். மறுபடி தொடக்கிப் பார்த்தபோது மூன்று சிவப்பு உடுக்குறிகள் அடைப்புக்குள் இடமும் வலமுமாக ஓடின. பக்கத்தில் ஒரு வட்டின் நீளமான அடையாள எண்ணும், "43 வினாடி, 1 நிமிடம் 30 வினாடி" என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கும். அந்த வட்டு எது? எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தேன். எந்த வட்டை எங்கே பொருத்துவது என்று எழுதிவைத்திருக்கும் கோப்பு அது. நினைவகம் நிரம்பினால் பயன்படுத்தும் சுவாப் பகுதி அங்கே யூயூஐடி என்ற அடையாள எண்ணால் குறிக்கப்பட்டிருந்தது. இருக்கிற வட்டுகளின் எண்களை "பிஎல்கேஐடி" கட்டளையில் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். முதல் நான்கு எழுத்திலேயே பொருந்தவில்லை.

எஸ்எஸ்டி மாற்றியவர் பழைய தட்டிலிருந்து எல்லாவற்றையும் பிரதி செய்திருக்கிறார். சுவாப் பகுதியை மட்டும் புதிதாக உருவாக்கியிருக்கிறார். புதுப் பகுதிக்குப் புது எண். எஃப்எஸ்டேப்பில் பழைய எண்ணைத் திருத்த மறந்துவிட்டார். பழைய தட்டு எங்கேயோ ஒரு அலமாரியில் கிடக்கிறது. சேர்வர் தினமும் காலையில் ஒன்றரை நிமிடம் அதைத் தேடுகிறது.

அதே எண் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருந்தது. உறக்கநிலையிலிருந்து மீள வேண்டுமானால் எந்த சுவாப்பில் பார்ப்பது என்று, கேர்னலோடு முதலில் ஏறும் தொடக்க உருவக் கோப்புக்குள் எழுதியிருக்கும். கேர்னல் பகுதியில் காணாமல்போன 30 வினாடி அங்கேதான் போகிறது. ஒரு கடை சேர்வர் எந்தக் காலத்தில் உறக்கநிலைக்குப் போயிருக்கிறது? அதை "இல்லை" என்று மாற்றி, தொடக்க உருவத்தைப் புதிதாக எழுதவைத்தேன். எஃப்எஸ்டேப்பில் சரியான எண்ணைப் போட்டேன். கணக்கப்பிள்ளையின் "கொஞ்சம் கூடியது போல" என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அந்த 30 வினாடியாவது எஸ்எஸ்டியோடு சேர்ந்து வந்த இலவச இணைப்பு.

இரண்டு நிமிடம் குறையப்போகிறது என்ற மிதப்பில் மறுதொடக்கம் செய்தேன். குறைந்தது 30 வினாடிதான். கேர்னல் 6.3 வினாடிக்கு இறங்கியிருந்தது. சேவைகளின் நேரம் 3 நிமிடம் 48 வினாடியிலேயே அசையாமல் நின்றது.

இந்த இடத்தில்தான் நான் சற்று அவமானப்பட்டேன். திரையில் உடுக்குறி ஓடியபோது அதன் ஓரத்தில் "2இல் 1" என்று ஒரு சின்னக் குறிப்பும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பார்த்தேன், கவனிக்கவில்லை. சிஸ்டம்டி ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவதில்லை; ஒன்றையொன்று சாராதவற்றை ஒரே நேரத்தில் எழுப்பும். சுவாப்புக்கான 90 வினாடியும் வலையமைப்புக்கான 120 வினாடியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கின்றன. இருவரும் ஒரே வாசலில் நின்று இரண்டு பேருக்காகக் காத்திருந்தால், ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் மற்றவர் நிற்கும்வரை வாசல் பூட்டப்படாது. "பிளேம்" பட்டியலின் எண்களைக் கூட்டி மொத்தம் பார்ப்பது அதனால் தவறு. "கிரிட்டிகல்-செயின்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற சங்கிலியை அது காட்டும். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்த்தபோது இப்படி இருந்தது: பில் சேவை வலையமைப்புக் கோப்புறைக்காக நிற்கிறது, கோப்புறை வலையமைப்புக்காக நிற்கிறது, வலையமைப்பு இரண்டு நிமிடம் நிற்கிறது. 120, அதன் பின் 90. சுவாப் அந்தச் சங்கிலியிலேயே இல்லை.

சேர்வரின் பின்புறம் இரண்டு வலையமைப்புத் துவாரங்கள். ஒன்றில் வயர் இருக்கிறது, நிலையான முகவரி. மற்றது காலி. ஒரு காலத்தில் கண்காணிப்புக் கமராப் பெட்டிக்கென்று ஒதுக்கி, முகவரியை டிஎச்சிபி என்ற தானியங்கி முறையில் தானே பெறும்படி அமைத்திருக்கிறார்கள். கமராப் பெட்டி வேறிடம் போய்விட்டது. அமைப்பு அப்படியே இருக்கிறது. வயரே இல்லாத துவாரத்துக்கு யார் முகவரி கொடுப்பது? தன் பொறுப்பில் உள்ள எல்லாத் துவாரங்களும் தயாராக வேண்டும் என்று காத்திருப்புச் சேவை பிடிவாதம் பிடிக்கிறது. 120 வினாடி ஆனதும் தோல்வி என்று எழுதிவிட்டு வழிவிடுகிறது.

வலையமைப்பு அமைப்புகள் இருக்கும் நெட்பிளான் கோப்பில் அந்தத் துவாரத்தின் கீழே "ஆப்ஷனல்: ட்ரூ" என்று ஒரு வரி சேர்த்தேன். அதாவது, இது வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். வலையமைப்பில் கைவைக்கும்போது "நெட்பிளான் ட்ரை" என்று தட்டுவது என் பழக்கம். புது அமைப்பைச் செயல்படுத்திப் பார்த்து, 120 வினாடிக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். வேறொரு இடத்தில் தூரத்திலிருந்து முகவரியை மாற்றி, என் கழுத்தை நானே அறுத்துக்கொண்ட அனுபவம் உண்டு. இதுவும் ஒரு இரண்டு நிமிடக் காத்திருப்புத்தான், ஆனால் நல்ல காத்திருப்பு.

மறுதொடக்கம். சேவைகள் 1 நிமிடம் 49 வினாடி. இப்போதுதான் எண்கள் என் பேச்சைக் கேட்கின்றன.

மிச்சம் அந்த 90 வினாடிக் கோப்புறை. எஃப்எஸ்டேப்பில், வேறொரு பெட்டியின் கோப்புறையை வலையமைப்பு வழியாகப் பொருத்தும் என்எஃப்எஸ் வரி ஒன்று, ஒரு முகவரி. உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங்கை அந்த முகவரிக்கு அனுப்பினால் பதில் இல்லை. "மேலே ஒரு கறுப்புப் பெட்டி இருந்ததே, இரண்டு வட்டு போட்டது?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். "அதுவா, மின்வெட்டுக் காலத்தில் ஒருநாள் புகைந்து நின்றுவிட்டது. பரணில் இருக்கிறது" என்றார். பிரதிகள் சேமித்துவைத்த பெட்டி. செத்து இரண்டு ஆண்டுக்கு மேல். சேர்வருக்கு யாரும் சொல்லவில்லை.

வரியை நீக்கக் கை போனது. நீக்கும் முன் ஒரு சந்தேகம். பில் சேவை ஏன் இந்தக் கோப்புறைக்காக நிற்கிறது? அதன் தொடக்க நிரலைத் திறந்து வாசித்தேன். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றை எடுத்து அந்தக் கோப்புறையில் போட்ட பிறகுதான் பில் வேலையைத் தொடங்க வேண்டும் என்று எழுதியவர் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் கோப்புறை பொருத்தப்படவில்லை என்றால் என்ன நடக்கும்? பொருத்தும் இடம் என்பது உள்ளூர் வட்டில் ஒரு வெற்று அடைவு. பெட்டி பொருத்தப்பட்டிருந்தால் எழுதுவது பெட்டிக்குப் போகும். பொருத்தப்படாவிட்டால் அதே அடைவில், அதே வட்டில் எழுதும். பிழை என்று ஒரு சொல்லும் வராது.

உள்ளே போய்ப் பார்த்தேன். 2022 ஒக்டோபரிலிருந்து நேற்றுவரை ஒவ்வொரு காலைக்கும் ஒரு கோப்பு, வரிசையாக, திகதி போட்டு, மிக ஒழுங்காக. அத்தனையும் எந்த வட்டைக் காக்க வேண்டுமோ அதே வட்டில். எஸ்எஸ்டிக்கு மாற்றியபோது இதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த எஸ்எஸ்டி ஒருநாள் கண்ணை மூடினால் கடையின் கடன் கணக்கு முழுவதும் அதோடு போகும். நான்காம் குறுக்குத் தெருவில் சரக்கைவிடக் கடன்தான் பெரிய சொத்து என்பது அங்கே ஒரு வாரம் நின்றவருக்கே தெரியும்.

வேகத்தை அங்கேயே விட்டுவிட்டேன். முதலாளிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பத்து நிமிடத்தை விடுங்கள், முதலில் இதைப் பாருங்கள்" என்றார். கடைசிப் பிரதியை ஒரு பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, கடைசி பில் வரை இருக்கிறதா என்று பார்த்து, கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று ஒத்துக்கொள்வதில்லை. அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போயா அன்று புது வட்டு வாங்க வழியில்லை, பழைய வரியை மட்டும் எடுத்துவிட்டேன். அடுத்த நாள் முதலாளியே யூஎஸ்பி வட்டு ஒன்று வாங்கி வந்தார். அதற்கான வரியை எழுதும்போது இரண்டு சொற்களைச் சேர்த்தேன். ஒன்று, வட்டு இல்லாவிட்டாலும் தொடக்கத்தை நிறுத்தாதே என்று சொல்லும் "நோஃபெயில்". இது இல்லாமல் உள்ளூர் வட்டொன்று காணாமல்போனால் சேர்வர் அவசரநிலைக்குள் போய்க் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கும். 90 வினாடியை அப்போது சொர்க்கம் என்று நினைக்கத் தோன்றும். மற்றது, 10 வினாடிக்கு மேல் தேடாதே என்ற கெடு. நிரலிலும் ஒரு திருத்தம்: எழுதும் முன் அந்த இடத்தில் வட்டு உண்மையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று "மவுண்ட்பொயின்ட்" கட்டளையால் பார்க்கிறது, இல்லையென்றால் பில் திரையின் மேல் சிவப்புப் பட்டை வரும். வாயில்லாமல் தோற்கும் நிரலைவிடக் கூச்சல் போடும் நிரல் மேல்.

மறுபடி போயா தினத்துக்கே வருகிறேன். இனி தாய்ப்பலகையின் 1 நிமிடம் 45 வினாடி. இது இயங்குதளத்துக்கு வெளியே நடப்பது. திரை இருந்ததால் கண்ணால் பார்க்க முடிந்தது. நினைவகச் சோதனை முடிந்ததும் அமைப்புகள் அழிந்துவிட்டதாக ஒரு வரி ஒரு கணம் மின்னி மறைந்தது. அதன் பிறகு, வட்டில் இயங்குதளம் இருக்கும்போதே, வலையமைப்பில் யாராவது இயங்குதளம் தருவார்களா என்று பிஎக்ஸ்இ முறையில் தேடத் தொடங்கியது. முதல் துவாரம், பிறகு வயர் இல்லாத துவாரம், பிறகு ஐபி பதிப்பு ஆறில் மறுபடி இரண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. ஏறக்குறைய 70 வினாடி இந்தப் பிச்சை நடந்தது.

தாய்ப்பலகையின் அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போனேன். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் நின்றது. பக்கப் பலகையைக் கழற்றி, பருப்புத் தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, சிஆர்2032 பொத்தான் பற்றரியை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.9 காட்டியது.

இப்போது 2022 உத்தரவு மறுபடி நினைவுக்கு வந்தது. சேர்வரை அணைத்தாலும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால், மின்வழங்கி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைப் பலகைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடும். பொத்தான் பற்றரிக்கு வேலையில்லை. பிரதான ஆளியை இறக்கினால் அந்தச் சின்னப் பற்றரி மட்டும்தான் கடிகாரத்தையும் அமைப்புகளையும் இரவு முழுக்கத் தாங்க வேண்டும். தினமும் இரவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அது களைத்துப்போனதும் பலகை ஒவ்வொரு காலையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியது. தொழிற்சாலை அமைப்பில் வலையமைப்புத் தொடக்கம்தான் முன்னால் நிற்கிறது.

கையில் பற்றரியை வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன்: "காலையில் திகதி ஏதாவது தவறுமா?" அவர் முகம் மாறியது. "முதல் இரண்டு மூன்று பில்லில் நேற்றைய திகதி விழும். பில் போடும் பையன் தூக்கக் கலக்கத்தில் பிழை விடுகிறான் என்று நான் மாதக்கணக்காக ஏசிக்கொண்டிருக்கிறேன்." பையன் பில்லில் திகதியைத் தட்டுவதே இல்லை, சேர்வர்தான் போடுகிறது. கடிகாரம் பின்னால் போயிருப்பதைக் கண்டால், நேரம் ஒத்திசைக்கும் சேவை தான் கடைசியாகச் சேமித்த நேரத்துக்குக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும். கடைசியாகச் சேமித்தது நேற்று மாலை, கடை பூட்டுவதற்குச் சற்று முன். பிறகு இணைய இணைப்பு வந்து சரியான நேரம் கிடைக்கும்வரை சேர்வருக்கு அது நேற்று மாலைதான்.

என் பையில் எப்போதும் இரண்டு சிஆர்2032 கிடக்கும். ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசுதான் அதன் விலை. போட்டேன். நேரத்தைத் திருத்தினேன். வலையமைப்புத் தொடக்கத்தை அணைத்தேன். அதோடு, மின்சாரம் வந்ததும் தானாக எழும்பும் அமைப்பையும் போட்டேன். இனி ஆளியைத் தூக்கினால் போதும், பின்னறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டாம்.

மறுதொடக்கம்: பலகை 34.8 வினாடி, பூட்லோடர் 5.0, கேர்னல் 6.2, சேவைகள் 17.4. மொத்தம் 1 நிமிடம் 3.4 வினாடி. பூட்லோடரின் 5 வினாடியை விட்டுவைத்தேன். என்றாவது ஒருநாள் பழைய கேர்னலைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தால் அந்த 5 வினாடிக்கு நானே நன்றி சொல்வேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தால், சேர்வரின் திரையில் உள்நுழைவு வரி வந்து நிற்கும்போது என் மடிக்கணினியின் பிங் "சென்றடைய முடியவில்லை" என்கிறது. பத்து வினாடிக்கும் மேலான பிறகுதான் பதில் வந்தது. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகி எண்ணினேன். கணினிகளையெல்லாம் இணைக்கும் வலையமைப்புச் சுவிட்சில் அந்தத் துவாரத்தின் விளக்கு செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது, பச்சையாக மாறியபோது சரியாக 30 வினாடி. மறுபடியும் ஒரு உருண்டை எண்.

அந்தச் சுவிட்ச் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட, நிர்வகிக்கக்கூடிய வகை. வயர்கள் தப்பித்தவறி வளையமாக இணைந்துவிட்டால் வலையமைப்பே ஸ்தம்பிக்கும். அதைத் தடுக்க ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை 1985இல் ராடியா பெர்ல்மன் வகுத்தார். அதன் பழைய விதிப்படி புதிதாக உயிர்பெறும் ஒவ்வொரு துவாரமும் 15 வினாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும், இன்னொரு 15 வினாடி கற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகே போக்குவரத்தை விடும். இந்த 30 வினாடி இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மூன்றரை நிமிடக் காத்திருப்பின் நிழலில் தெரியவில்லை. குளத்தில் நீர் வற்றினால்தானே அடியில் கிடக்கும் கல் தெரியும்.

சேர்வரும் பில் கணினிகளும் இருக்கும் துவாரங்களை "முனைத் துவாரம்" என்று குறித்தேன், உடனே திறந்துவிடும். மாடியில் உள்ள இரண்டாவது சுவிட்சுக்குப் போகும் துவாரத்தை மட்டும் தொடவில்லை. வளையம் விழக்கூடிய இடம் அது. அங்கே 30 வினாடி நியாயமானது.

வியாழக்கிழமை காலை, யூஎஸ்பி வட்டுக்காக நான் கடைக்குப் போனபோது கணக்கப்பிள்ளை ஆளியைத் தூக்கினார். சேர்வர் ஒரு நிமிடத்தில் தயார். பில் கணினிகள் தயாராக 2 நிமிடத்துக்குச் சற்று அதிகம் எடுத்தது. போயா அன்று சுவிட்ச் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் நான் கவனிக்காத விடயம்: இரவு முழுக்க அணைந்து கிடந்த சுவிட்ச் தானே எழும்ப இரண்டு நிமிடம் கேட்கிறது. நிர்வகிக்கும் வகையை எடுத்துவிட்டு, நொடியில் உயிர்பெறும் சாதாரணச் சுவிட்ச் ஒன்றைப் போடலாம் என்றேன். முதலாளி கையைக் காட்டி மறுத்தார். யுபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போடச் சம்மதித்தார். அந்தப் பேரத்தில் எனக்கு நட்டமில்லை.

பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் பில் திரை வரும் என்பது கணக்கப்பிள்ளையின் பழைய ஒழுங்கு. அன்று சாம்பிராணிப் புகை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே முதல் பில் அச்சாகி வந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திகதியைப் பார்த்தார். 13. தாளைக் கிழித்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, பில் மேசையில் இருந்த பையனைப் பார்த்து, "பிளேன்டீயா, பால் தேநீரா?" என்று கேட்டார். அவன் பயந்துபோய், "நான் ஒன்றும் செய்யவில்லையே ஐயா" என்றான்.